டீ பேக்கில் செய்த அத்தான்

அன்பும் அறிவும், இவை இரண்டையும் மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும் தொப்பையும் உடைய அத்தான் அவர்களுக்கு, உங்கள் ஒரே கொழுந்தியாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் சகலையும் சுகம். சலவைக் கடையும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிப்பதுதான் மரியாதை. ஆனால் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும் ஒரு மனுஷன் சுகமாக இருந்தால் அது கண்டிக்கத்தக்கது என்பதால், நீங்கள் கொஞ்சம் வாடி, லேசாக இளைத்து, சட்டைப் பட்டனை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டு திரிவீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்டவள், பள்ளிக்கூடமும் அதற்காக அழுததாகத் தகவல் இல்லை. ஆகையால் முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் நீங்களே பார்த்து மூச்சு விட்டுக்கொள்ளவும்.

விஷயம் ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பி வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போகவும். தாமதித்தால் உங்கள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். வந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். இப்போது நான் இதை எழுதும்போது அவர் எனக்கு எதிரேதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அக்கா அவருக்குக் காலர் சரிசெய்துகொண்டிருக்கிறாள். பதற வேண்டாம், ஆள் காகிதம். ஆனால் பதறாமலும் இருக்க வேண்டாம்.

முதலில் நடந்ததை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 'ஒரு டீ குடித்தேன், அதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா' என்று நீங்கள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் நியாயம் கேட்டுக்கொண்டிருப்பதாகக் காற்றுவாக்கில் சேதி வந்தது. ஒரு டீ இல்லை அத்தான். நீங்கள் குடித்தது உங்கள் அம்மாவை. அத்தை போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்று நீங்கள் ஒருநாள் பெருமூச்சு விட்டீர்களாம். அத்தை உயிரோடு இருந்தவரை அவரும் அக்காவும் ஒரே அடுப்பில் வைத்த எண்ணெயும் தண்ணீரும்தான். ஆனாலும் புருஷன் பெருமூச்சு விட்டானே என்று என் அக்கா, குடித்து முடித்த டீ பேக்கை எல்லாம் சேர்த்து, காயவைத்து, பிரித்து, தூளைக் கொட்டி, அந்தக் காகிதத்தைத் தேய்த்து நேராக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே நூலும் பழைய பேப்பரும் பட்டனும் வைத்து, கடைசியில் மெழுகு பூசி மினுமினுவென்று ஆக்குகிற ஒரு கலையைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அத்தைக்குக் கன்னம் உப்பலாக வர வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு பையில் மட்டும் தூளை எடுக்காமல் அப்படியே விட்டு, அதன்மேல் கண்ணும் மூக்கும் அந்த முறைப்பும் தத்ரூபமாக வரைந்து, மெழுகு பூசுவதற்கு முன்னால் காயட்டும் என்று சமையலறை ஜன்னலில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். நீங்கள் வேலை முடிந்து வந்தீர்கள். நூல் தொங்கியது. பிடித்து இழுத்தீர்கள். கோப்பையில் போட்டு வெந்நீரை ஊற்றினீர்கள்.

"ஐயோ, அது உங்க அம்மாங்க!" என்று அக்கா அலறியபோது, நீங்கள் கரண்டியால் அத்தையின் கன்னத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பிழிந்துவிட்டு, "எங்க அம்மா டீ மாதிரி எங்கடி வருது? இது சப்புன்னு இருக்கு" என்றீர்களாம்.

சரி, தெரியாமல் குடித்துவிட்டீர்கள். பெற்ற தாயை யாரும் வேண்டுமென்று டீ போட மாட்டார்கள். விஷயம் விளங்கிய பிறகாவது 'தப்பு நடந்துபோச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா இன்னொரு அத்தையைச் செய்திருப்பாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இதெல்லாம் வேண்டாத வேலை, நிறுத்து." அதுதான் அத்தான் உங்கள் கோளாறு. ஆயுள் பூராவும் டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யாரோ ஓட்டுகிற வண்டிக்கு பிரேக் மட்டும் மிதித்துப் பழகிய கால் உங்களுடையது. வீட்டிலும் அதே கால்தான். அக்கா சுவருக்கு மஞ்சள் அடிக்கலாம் என்றால் பிரேக். பூனை வளர்க்கலாம் என்றால் பிரேக். ஒருநாள் சும்மா கடற்கரைப் பக்கம் நடக்கலாம் என்றாளாம், அதற்கும் 'காத்து அதிகம்' என்று பிரேக். வண்டி நின்றுபோச்சு, அக்கா இறங்கி இங்கே வந்துவிட்டாள்.

வரும்போது ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் டீ பேக் டப்பா. அழுதுகொண்டு வருவாள், தலையைத் தடவிக்கொடுத்து, நாலு நாள் வைத்திருந்து அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு நான் வாசலுக்கு ஓடினால், அவள் என்னைப் பார்க்கவே இல்லை, எனக்குப் பின்னால் மேஜையில் கொதித்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைத்தான் பார்த்தாள். வாழ்க்கையில் எதையோ தொலைத்தவளுக்கு அது கிடைத்த மாதிரி ஒரு பார்வை. "எத்தனை பெட்டிடி வச்சிருக்கீங்க?" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். இந்தக் கலைக்கு அவள் நீளமாக ஒரு பேர் சொன்னாள், எனக்கு விளங்கியவரை, வீட்டில் நகராமல் கிடக்கும் எதையும் எடுத்து ஒட்டிவிடுவதுதான் அது. அதனால்தான் உங்கள் சகலை அந்த வாரம் முழுக்க அசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலையிலேயே வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. எவ்வளவு நேரம் பை தண்ணீரில் கிடக்கிறதோ அவ்வளவு நிறம் காகிதத்தில் ஏறுமாம். வீணாக்கக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் யாராவது குடித்தாக வேண்டுமாம். கெட்டியான டீ உங்கள் சகலைக்கு. நடுத்தரம் எனக்கு. மாடியில் குடியிருக்கிற ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஐயா வாடகை விஷயமாக இல்லை, ஏதோ குழாய் ஒழுகுகிறது என்று சொல்லத்தான் கீழே வந்தார். அவர் கையில் பையை ஒரு முக்கு முக்கி எடுத்த வெளிர் டீயைக் கொடுத்து அக்கா உட்காரவைத்துவிட்டாள்.

"அம்மா, இது டீயே இல்லையே, டீயோட நிழல் மாதிரி இருக்கு" என்றார் கார்டு ஐயா.

"நீங்க வானம் ஐயா. வானத்துக்கு இவ்வளவுதான் நிறம் வேணும். குடிங்க."

"வானமா? அப்ப இவரு?"

"அவரு மரம். தங்கச்சி செங்கல் சுவர்."

மனுஷன் வேலையில் இருந்த காலத்திலும் கொடி காட்டினால் கேள்வி கேட்காமல் போகிற ரகம். அன்றிலிருந்து அவர் தினமும் இறங்கி வந்து, "வானம் வந்திருக்கு" என்று குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். மரத்தின் கதிதான் பரிதாபம். உங்கள் சகலைக்குக் கெட்டி டீ உள்ளே போகப் போக, கண் இமைக்க மறந்துபோனது. கை தானாக ஓட ஆரம்பித்தது. துணி தீர்ந்துபோனால் மேஜை விரிப்பைத் தேய்த்தார், அது தீர்ந்தால் அன்றைய செய்தித்தாளைத் தேய்த்து மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கம்பி ஹாங்கரில் மாட்டினார். "என்னங்க இது?" என்றால், "யாரோ குடுத்துட்டுப் போனாங்க, சாயங்காலம் வருவாங்க" என்றார்.

இந்த நிலையில்தான் பல் டாக்டர் கோட்டு விவகாரம் வந்தது. அக்கா இரண்டு காகிதத்துக்கு நடுவில் மெழுகைத் தூவி எங்கள் கடைப் பெட்டியாலேயே தேய்த்து ஒட்டியிருக்கிறாள், பெட்டியின் அடியில் மெழுகு படிந்ததை யாரும் கவனிக்கவில்லை, உங்கள் சகலை அதே பெட்டியை எடுத்து, தெருமுனைப் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டை முன்னும் பின்னும் உள்ளும் புறமும் டீ குடித்த வேகத்தில் தேய்த்துத் தள்ளிவிட்டார். நான் மடிக்கலாம் என்று எடுத்தால் கோட்டு மடிய மாட்டேன் என்கிறது. மாட்டலாம் என்றால் தொங்க மாட்டேன் என்கிறது. மேஜைமேல் வைத்தேன், நின்றது. உள்ளே ஆள் இல்லாமல், இரண்டு கையையும் லேசாக விரித்துக்கொண்டு, 'வாங்க, வாயைத் திறங்க' என்கிற மாதிரி தானாக நின்றது. தெருவில் போன ஒருத்தர் அதைப் பார்த்து மரியாதையாகத் தலை சாய்த்துவிட்டுப் போனார். டாக்டர் வந்து, "யாரும்மா உள்ள?" என்றார். "யாருமில்ல டாக்டர், உங்களுக்காகத்தான் காத்திருக்கு" என்றேன். மற்ற கோட்டெல்லாம் அழுக்காகக் கிடந்ததால் அதையே போட்டுக்கொண்டார். முழங்கை மடங்கவில்லை. தோட்டத்தில் காக்கா விரட்ட வைத்த பொம்மை தானே கிளம்பி வேலைக்குப் போகிற மாதிரி தெருவைக் கடந்து போனார். போச்சு, கடைக்கு ஆயுள் முடிந்தது என்று நான் உள்ளே போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மனுஷன் மத்தியானமே திரும்பி வந்தார், முகமெல்லாம் பூரிப்பு. "ஒரு பேஷண்ட் என்மேலயே கொப்பளிச்சுட்டாரும்மா. அப்படியே முத்து முத்தா உருண்டு ஓடிடுச்சு! ஒரு கறை இல்ல! மிச்சக் கோட்டையும் இப்படியே போட்டுக் குடுங்க" என்றார். கை எப்படி மடக்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, நர்ஸ் மடக்கிவிடுகிறாளாம்.

இந்த வெற்றிதான் அத்தான் எங்களைக் கெடுத்தது. அதுவரை சின்னச் சின்ன வீடும் மரமும் வானமும் செய்துகொண்டிருந்த அக்கா, "மெழுகு பூசினா துணி தானா நிக்குதுன்னா, மனுஷன் தானா உக்கார மாட்டானா?" என்று ஒரு கேள்வி கேட்டாள். கேட்டுவிட்டு உங்கள் சகலையை மேலும் கீழும் பார்த்தாள். அவர், "அண்ணி, அதுக்கு நான் ஆளில்ல" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அக்கா நினைத்தது அவரை இல்லை. உங்களை.

ஹாங்கரை வளைத்து எலும்பு. கொட்டிவைத்த டீத்தூளை எல்லாம் காயவைத்துத் தலையணை உறையில் அடைத்து உடம்பு. எங்கள் பழைய மெத்தையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கைப் பிடுங்கிக் கழுத்து. அதற்கு மேலே அடுக்கடுக்காக டீ பேக் காகிதம், மெழுகு, மறுபடி காகிதம், மறுபடி மெழுகு. உங்கள் வழுக்கைக்கு வேண்டிய வெளிறிய பளபளப்பைக் கார்டு ஐயா தனி ஆளாகக் குடித்துக் கொடுத்தார். மீசை உங்கள் சகலையின் கைங்கரியம், சொல்லப்போனால் வாய்ங்கரியம். தொப்பைக்கு மட்டும் நாங்கள் மூன்று பேர் போதவில்லை. தெருவே குடித்தது. பூக்கடைக்காரி குடித்தாள், செருப்புத் தைக்கிறவர் குடித்தார், துணி வாங்க வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து, "ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க, எங்க அத்தானுக்கு இன்னும் இடுப்பு முடியல" என்று நானே ஊற்றிக் கொடுத்தேன். இப்போது இந்தத் தெருவில் உங்களைப் பார்க்காதவர்கள் உண்டு, உங்கள் தொப்பைக்கு உழைக்காதவர்கள் கிடையாது.

சட்டை செய்ய ஏதாவது வேண்டும் என்று தேடியவள், துணிகளுக்குப் போடுகிற எங்கள் கடை டோக்கன் சீட்டுகளை அள்ளி வரிசையாக ஒட்டிவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, மீன் செதில் மாதிரி. ஆனால் இப்போது யார் துணி எது என்று தெரிய வேண்டுமானால் உங்களைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சங்கீத வாத்தியாரின் போர்வை உங்கள் காலருக்குப் பின்னால். செருப்புத் தைக்கிறவரின் கால்சட்டை உங்கள் அக்குளில். பூக்கடைக்காரி தன் சீட்டைத் தேடி உங்களைக் கவிழ்த்துப் போட்டபோது அக்கா ஓடி வந்து, "அவரை அப்படிப் பிடிக்காதீங்க, கூச்சம் அதிகம்" என்றாள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். அதுவும் உங்களால்தான். என் போன் மெழுகுச் சட்டிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைப்பதற்குள் மெழுகு உறைந்து, கட்டியாகி, அந்தக் கட்டியை இனிமேல் உடைத்தால் போனும் உடையும் என்று அக்கா தீர்மானித்து, அதை அப்படியே பொம்மையின் நெஞ்சுக்குள் வைத்து மேலே ஒட்டிவிட்டாள். இரண்டு நாள் கழித்து நெஞ்சு 'டுர்ர், டுர்ர்' என்று அதிர்ந்தது. கூப்பிட்டது நீங்கள்தான், வேறு யாருக்கு என் நினைப்பு. எடுக்க வழியில்லை. அக்கா அதன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "துடிக்குதுடி" என்றாள். சொல்லும்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான், இது விளையாட்டு இல்லை என்று எனக்கு முதல் தடவையாக உறைத்தது. அவளுடைய போனை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள், உங்கள் சகலையோ போன் வைத்திருந்தால் யாராவது வேலை சொல்லிவிடுவார்கள் என்று அதை வாங்கவே இல்லை. சார்ஜ் தீரும்வரை நீங்கள் துடித்தீர்கள். அப்புறம் நின்றுவிட்டீர்கள். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

இது போகட்டும், பொம்மைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அது தலையாட்டுகிறது அத்தான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கழுத்தில் ஸ்பிரிங், நாற்காலி இஸ்திரி மேஜையை ஒட்டி இருக்கிறது, உங்கள் சகலை பெட்டியைத் தூக்கித் தொம்மென்று வைக்கும்போதெல்லாம் மேஜை ஆடி, நாற்காலி ஆடி, தலை மெதுவாக மேலும் கீழும் ஆடுகிறது. அக்கா முதல் தடவை அதைப் பார்த்தபோது சும்மா வாய்விட்டு, "சுவருக்கு மஞ்சள் அடிச்சா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தொம். தலை ஆடியது. அவள் கையிலிருந்த தூரிகை கீழே விழுந்தது.

"தங்கச்சி, பாத்தியாடி? சரிங்கிறார்!"

"ஸ்பிரிங்குக்கா."

"எதுவா வேணா இருக்கட்டும். இத்தன வருஷத்துல அந்த மனுஷன் கழுத்துல இப்படி ஒரு ஸ்பிரிங் இருந்திருக்கா சொல்லு?"

உங்கள் கழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை அது பக்கவாட்டில் மட்டும்தான் அசையும்.

அதிலிருந்து அவள் உட்காருவது அதற்குப் பக்கத்தில், பேசுவது அதோடு. பூனை வளர்க்கலாமா? தொம், ஆமாம். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாமா? தொம், ஆமாம். கார்டு ஐயாகூட ஒருநாள் அதன் எதிரில் கைகட்டி நின்று, "சார், பெண்ணு வீட்டுல போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டு அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். உங்கள் சகலைக்கு மட்டும் பொறாமை. "நான் தேய்க்கிறதாலதான் அது ஆடுது, பேரு அதுக்கு" என்று முணுமுணுக்கிறார்.

நேற்று அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை சொன்னாள். இந்தக் கடிதம் எழுதக் காரணமே அதுதான். "இவருக்குக் கண்ணு இடுங்கின மாதிரி இருக்குடி. உங்க அத்தானுக்கு ஒரு கடுதாசி போட்டு, அவரோட மூக்குக் கண்ணாடியையும் அந்தக் கட்டம் போட்ட சட்டையையும் அனுப்பச் சொல்லு. அவருக்கு வேணும்னா வேற வாங்கிக்கட்டும். இது ஒண்ணு வந்துட்டா எனக்கு அங்க போக வேண்டிய வேலையே இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பொம்மையைப் பார்த்தாள், அது தலையாட்டியது, இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். நானும் சரி, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் அங்கிருந்து, "எழுதிட்டியா?" என்று கேட்கிறாள். "கண்ணாடிகிட்ட வந்துட்டேன்" என்கிறேன்.

அத்தான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கண்ணாடியை அனுப்பாதீர்கள். இதுவரை நான் கேலி பேசினேன், இது கேலி இல்லை. வழுக்கை அங்கே இருக்கிறது, மீசை இருக்கிறது, தொப்பை உங்களுடையதைவிட ஒழுங்காக இருக்கிறது. கண்ணாடி ஒன்றுதான் பாக்கி. அதுவும் போய் அதன் மூக்கில் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் நீங்கள் நேரில் வந்து நின்றாலும் என் அக்கா உங்களைப் பார்த்து, 'துணி போடணுமா, எடுக்கணுமா?' என்றுதான் கேட்பாள்.

ஆகவே நான் சொல்கிறபடி செய்யவும். கண்ணாடியை மூக்கிலேயே மாட்டிக்கொண்டு, கட்டம் போட்ட சட்டையை உடம்பிலேயே மாட்டிக்கொண்டு, நேரே இங்கே வரவும். பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுவைக்கிறேன், அதில் உட்காரவும். வாயைத் திறக்க வேண்டாம். பிரேக் கால் தரையில் படாதபடி மடித்து வைத்துக்கொள்ளவும். அக்கா என்ன சொன்னாலும் தலையை ஆட்டவும், மேலும் கீழும், நன்றாகக் கவனியுங்கள், மேலும் கீழும். எப்போது ஆட்டுவது என்று சந்தேகம் வந்தால் உங்கள் சகலை பெட்டியைத் தொம்மென்று வைப்பார், அது அடையாளம். காகிதம் நன்றாக ஆட்டுகிறதா, மனுஷன் நன்றாக ஆட்டுகிறானா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். காகிதத்தால் முடியாதது ஒன்று உங்களிடம் இருக்கத்தான் வேண்டும், யோசித்துப் பார்த்தேன், உடனே எதுவும் தோன்றவில்லை, வந்ததும் சேர்ந்து தேடுவோம். ஊரில் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கழுத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் தேய்த்துப் பழகிவிட்டு வருவது நல்லது.

கடைசியாக, பெரியவர்கள் என்றால் ஆசீர்வாதம் எழுதி முடிப்பார்கள். நான் உங்களைவிடச் சின்னவள், அந்த உரிமை இல்லை. ஆகையால் வருகிற வழியில் வண்டி பஞ்சர் ஆகாமலும், ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நீங்கள் பிரேக் தேடாமலும், போகும்போது நீங்கள் இருவராகவும் போகக் கடவது என்று, ஆசீர்வாதம் போலத் தெரியாத ஓர் ஆசீர்வாதத்தை இரவல் வாங்கி அனுப்புகிறேன். உங்கள் சகலை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார், அதாவது சொல்லச் சொன்னதாக நான் சொல்கிறேன், அவர் இப்போது ஜன்னல் திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள,
வாயில் மட்டும் பிரேக் இல்லாத கொழுந்தியாள்

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதியது அத்தனையும் ரத்து. உறையில் போட்டு ஒட்ட உள்ளே போனபோது கடையில் சத்தம். எட்டிப் பார்த்தால் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பொம்மைக்கு எதிரே நிற்கிறாள். "நாளைக்குக் கோழி வளர்க்கப் போறேன்" என்றாள். தொம், ஆமாம். "வளர்க்கல, விட்டுட்டேன்." தொம், ஆமாம். "இந்தக் கடைக்கே தீ வச்சிடட்டா?" தொம், ஆமாம். உங்கள் சகலை அதைக் கேட்டு நடுங்கிப் பெட்டியை இன்னொரு தடவை போட்டார், அது இன்னும் உறுதியாக ஆட்டியது. "அப்ப நான் கிறுக்கியா?" என்றாள். பாவி மனுஷன், சரியாக அந்த நேரம் பார்த்தா காலரைத் தேய்க்க வேண்டும்? தொம். அக்காவின் முகம் பளிச்சென்று ஆனது, அப்பாடா என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு இறங்கினாள். "யாரைப் பார்த்துக் கிறுக்கிங்கிறீங்க? நான் கிறுக்கியில்ல!" தொம். அதற்கும் ஆமாம்.

அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பொம்மையை ஒரு முறை முறைத்துவிட்டு, "ஏண்டி, எதைச் சொன்னாலும் சரிங்கிற ஆள்கிட்ட எப்படிடி சண்டை போடறது?" என்றாள். "போடாம இருக்கலாமேக்கா." "போடி இவளே. அந்த மனுஷன்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லும். சொன்னப்புறம் அதையே செய்யறதுலதானே ருசி? இவர் சரின்னு சொன்னதுலேருந்து எனக்கு மஞ்சளும் பிடிக்கல, பூனையும் பிடிக்கல." சொல்லிவிட்டு எழுந்து துணிப்பையைக் கட்டிவிட்டாள். பொம்மை வேண்டாமாம், எனக்கே விட்டுவிட்டாள். நான் கட்டிப்பிடித்து அழலாம் என்று போனால், "அழுதுக்கிட்டு நிக்காத, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நடையைக் கட்டினாள்.

அவள் ஏறியிருக்கிற பஸ் சந்து பொந்தெல்லாம் நின்று நின்று வருவது. கார்டு ஐயா இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, இன்றைய ரயிலில் தன் கூட்டாளி கார்டிடம் கொடுத்து, உங்கள் ஸ்டேஷனில் இறக்கி, ஆள் மூலம் உங்களிடம் சேர்ப்பதாக விசில் மேல் சத்தியம் செய்திருக்கிறார். ஆகையால் அவளுக்கு முன்னால் இது வந்து சேர்ந்துவிடும். நீங்கள் கிளம்ப வேண்டாம். கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தால் உடனே துடைத்துவிடவும். தலையாட்டுகிற வேலையே வேண்டாம், உயிரே போனாலும் வேண்டாம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் எழுந்து போய்த் திறந்து, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், "முடியாது" என்று சொல்லிவிடுங்கள். எது முடியாது என்பதை அவளே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.